கொனோரியா: ஒவ்வொரு மருந்தாக இழந்த கதை

2018-ஆம் வருஷ ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஒருவர் பால்வினை நோய் கிளினிக்குக்குப் போனார். சோதனையில் கொனோரியா என்று வந்தது. செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இந்த நோய்க்கு முதலில் கொடுக்கும் மருந்து அதுதான். வழக்கமா ஒரே ஊசி, அத்தோட கதை முடிஞ்சிடும். இவருக்கு முடியவில்லை. அடுத்து ஸ்பெக்டினோமைசின் என்ற பழைய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பாதை சுத்தமானது, ஆனால் தொண்டையில் கிருமி அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைசியில் எர்ட்டாபெனெம் என்ற மருந்தை மூன்று நாள் நரம்பு வழியாக ஏற்றிய பிறகுதான் அது போனது. எர்ட்டாபெனெம் என்பது ஆஸ்பத்திரிகளில் கடுமையான தொற்றுகளுக்காக எடுத்து வைத்திருக்கும் மருந்து.

இவருக்குத் தொற்று வந்தது தென்கிழக்கு ஆசியாவில். செஃப்ட்ரியாக்சோனுக்கும் மசியாமல், அசித்ரோமைசினுக்கும் பெரிய அளவில் மசியாமல் இருந்த முதல் கொனோரியா என்று இது பதிவானது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி இரண்டு பேர்.

“சரி, கடைசியில குணமாயிடுச்சே, இதுல என்ன பிரச்சினை?” என்று கேட்கலாம். பிரச்சினை இதுதான். நடந்து வந்து, ஊசி போட்டுக்கொண்டு, நடந்தே வீட்டுக்குப் போகிற நோய் இது. அது மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டிய நோயாக மாறினால், வசதியான நாட்டில் சமாளிக்கலாம். வருஷத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் வருகிற நோயில், அவர்களில் பெரும்பாலானோர் ஏழை நாடுகளில் இருக்கும்போது, அது சிகிச்சையே இல்லை என்பதற்குச் சமம்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் கொனோரியாவைத் தனியாக எழுதணும்னு தோன்றியதற்குக் காரணம் உண்டு. மற்ற கிருமிகளில் இந்தக் கதை துண்டு துண்டாக நடக்கிறது. இங்கே 80 வருஷத்துக்கு மேலாக, ஒரே நோயில், ஒன்றன்பின் ஒன்றாக, தேதி போட்டுச் சொல்லக்கூடிய மாதிரி நடந்திருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

கொனோரியா மிகப் பழைய நோய். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர், இதில் வடியும் சீழை விந்து என்று நினைத்து, ‘விந்து ஒழுக்கு’ என்று பொருள் வரும்படி கிரேக்கத்தில் பேர் வைத்தார். கருத்து தப்பு, பேர் மட்டும் நின்றுவிட்டது. தமிழில் வெட்டை, மேகவெட்டை என்ற சொற்கள் உண்டு. ஆனால் அந்தச் சொற்கள் வேறு சில உபாதைகளையும் சேர்த்துக் குறிக்கும் என்பதால் இங்கே கொனோரியா என்றே எழுதுகிறேன்.

1879-இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் நைசர் இந்தக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 24 வயது. அவர் பெயரால் இது நைசீரியா கொனோரியே. இரண்டு காப்பிக்கொட்டைகளை முகத்துக்கு முகம் ஒட்டி வைத்த மாதிரி ஜோடி ஜோடியாக இருக்கும். இயற்கையில் இதற்கு மனிதனைத் தவிர வேறு வீடு கிடையாது. மண்ணிலோ தண்ணீரிலோ மிருகங்களிலோ இது வாழ்வதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும்தான் போகும். அதனால் இதன் சரித்திரம் முழுக்க நாம் செய்ததற்கு இது கொடுத்த பதில் என்று சொல்லலாம்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பாதையில் வந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எரிச்சலும் சீழும் சும்மா விடாது. பெண்களில் பாதிப் பேருக்காவது ஒன்றுமே தெரியாது. தொண்டையிலும் ஆசனவாயிலும் வந்தால் ஆண், பெண் யாருக்கும் பெரும்பாலும் அறிகுறி இருக்காது. தெரியாமலே இருக்கும் தொற்று பெண்களில் மெல்ல மேலே ஏறி, கருப்பையையும் கருக்குழாயையும் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு விழுந்த குழாயில் கரு போக வழியில்லாமல் குழந்தையின்மை வரும், அல்லது கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். எச்ஐவி தொற்றும் வாய்ப்பும் கூடும்.

அப்புறம் குழந்தைகள். தாய்க்குத் தொற்று இருந்தால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் கிருமி ஒட்டும். கவனிக்காவிட்டால் சில நாட்களில் பார்வை போய்விடும். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பார்வையற்றோர் பள்ளிகளில் இருந்த பிள்ளைகளில் கணிசமானவர்கள் இப்படிப் பார்வை இழந்தவர்கள். 1880-களின் தொடக்கத்தில் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த உடனே குழந்தையின் கண்ணில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் நூற்றுக்குப் பத்து குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த கண் தொற்று, நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போனது.

இந்த நோயில் சாவு அபூர்வம். அதனால் பத்திரிகையில் தலைப்புச் செய்தியாக வருவதில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் 8.2 கோடி புதுத் தொற்றுகள். அத்தனை பெரிய எண்ணிக்கையில் சின்ன சதவீதம்கூட லட்சக்கணக்கான பேர்.

வரிசையாக விழுந்த மருந்துகள்

ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்னால் வைத்தியம் சித்திரவதைதான். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சிறுநீர்ப்பாதைக்குள் விட்டுக் கழுவுவார்கள், வாரக்கணக்கில். வெள்ளி கலந்த மருந்துகள் உண்டு. காய்ச்சலை வேண்டுமென்றே வரவழைத்துக் கிருமியைக் கொல்லும் முயற்சிகூட நடந்தது.

1930-களின் நடுவில் சல்ஃபா மாத்திரைகள் வந்தன. மாத்திரை போட்டால் சீழ் நின்றது, அதிசயம் மாதிரி இருந்தது. 1940-களின் நடுவிலேயே பெரும் பங்கு நோயாளிகளுக்கு அது வேலை செய்யாமல் போனது. பத்து வருஷம்கூட ஓடவில்லை.

1943-இல் பென்சிலின். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு லட்சம் யூனிட் போதுமாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். 1970-கள் வந்தபோது டோஸ் 48 லட்சம் யூனிட். இரண்டு பக்கமும் இடுப்பில் பெரிய ஊசி, கூடவே மருந்து சிறுநீரில் சீக்கிரம் வெளியேறிவிடாமல் தடுக்க புரோபெனிசிட் மாத்திரை. கிருமி ஒரே நாளில் எதிர்ப்பு பெறவில்லை, படிப்படியாக ஏறியது. நாமும் கூடவே டோஸை ஏற்றினோம். முப்பது வருஷம் இந்த ஓட்டம் நடந்தது.

1976-இல் ஒரே தாவலில் கதை மாறியது. பென்சிலினையே வெட்டிப்போடும் என்சைமைச் சுரக்கும் கொனோரியா ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் தட்டுப்பட்டது. இங்கிலாந்தில் கிடைத்தது மேற்கு ஆப்பிரிக்காவோடு தொடர்புடையது, அமெரிக்காவில் கிடைத்தது தென்கிழக்கு ஆசியாவோடு. அந்த என்சைமுக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடலாம். இப்படி ஒரு கிருமியிடம் 48 லட்சம் யூனிட்டும் வீண். டெட்ராசைக்ளினுக்கும் இதே மாதிரி ஒரு பிளாஸ்மிட் 1980-களின் நடுவில் வந்து சேர்ந்தது.

ஸ்பெக்டினோமைசின் கதை இன்னும் சுருக்கம். கொரியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு 1981-இல் அதை முதல் மருந்தாக்கினார்கள். நாலு வருஷத்தில், 1985-இல், நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமாகவில்லை. கைவிட்டார்கள்.

அடுத்தது சிப்ரோஃப்ளாக்சசின். விலை குறைவு, ஒரே மாத்திரை, ஊசி வேண்டாம். எல்லோருக்கும் பிடித்த மருந்து. ஆசியாவில் 1990-களிலேயே ஆட்டம் காண ஆரம்பித்தது. 2007-இல் அமெரிக்கா இதைக் கொனோரியாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று முழுசா நிறுத்தியது.

பிறகு செஃபலோஸ்போரின் வகை: வாய்வழி செஃபிக்ஸைம், ஊசியாகச் செஃப்ட்ரியாக்சோன். ஜப்பானில் 2000-களின் தொடக்கத்திலேயே செஃபிக்ஸைம் தோற்ற செய்திகள் வந்தன. 2012-இல் அமெரிக்கா அதை முதல் மருந்து என்ற இடத்திலிருந்து எடுத்தது. மிச்சம் செஃப்ட்ரியாக்சோன்.

அதற்கும் 2009-இல் கியோட்டோவில் அடி விழுந்தது. ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமி, எச்041 என்று பேர் வைத்தார்கள், செஃப்ட்ரியாக்சோனைத் தாங்கியது. நல்லவேளையாக அது பரவவில்லை. ஆனால் 2015-இல் ஜப்பானில் கிடைத்த எஃப்சி428 என்ற இன்னொரு வகை பரவியது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா, ஆசியாவின் மற்ற நாடுகள் என்று அதன் வாரிசுகள் பல இடங்களில் தட்டுப்பட்டன.

நடுவில் ஒரு யோசனை செய்தார்கள். 2010-ஐ ஒட்டிச் செஃப்ட்ரியாக்சோனோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுக்கலாம், ஒன்றிலிருந்து தப்பினால் இன்னொன்று பிடிக்கும் என்று. சில வருஷத்தில் அசித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு ஏறியது. இங்கிலாந்தும், பிறகு 2020 கடைசியில் அமெரிக்காவும் அசித்ரோமைசினை விட்டுவிட்டு, செஃப்ட்ரியாக்சோனை மட்டும் கூடுதல் டோஸில் கொடுக்கச் சொல்லின. டோஸைக் கூட்டுவது. பென்சிலினில் பார்த்த அதே படி.

இங்கே ஒரு விதியைச் சொல்லணும். ஒரு இடத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கிருமிகள் ஒரு மருந்தைத் தாங்கினால், அந்த மருந்தைக் கொனோரியாவுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மற்ற நோய்களைப் பார்க்க இது ரொம்பக் கறார். ஏன்னா, இங்கே டாக்டர் லேப் முடிவு வரும்வரை காத்திருக்க மாட்டார். வந்த உடனே ஒரே டோஸ் கொடுத்து அனுப்புகிறார். நோயாளி திரும்பி வருவார் என்று உத்தரவாதம் இல்லை. குணமாகாத அந்த ஐந்து பேர் போய்ப் பரப்புவது முழுக்க மருந்துக்கு மசியாத கிருமியைத்தான். மசிகிற கிருமிகள் செத்துவிட்டன, மசியாதது மட்டும் பெருகுகிறது.

இந்தக் கிருமி ஏன் இப்படி?

எல்லா பாக்டீரியாவும் எதிர்ப்பு பெறும். ஆனால் சிபிலிஸ் கிருமிக்கு 80 வருஷமாகப் பென்சிலின் இன்றும் வேலை செய்கிறது. இரண்டுமே பால்வினை நோய், இரண்டுக்குமே ஒரே காலத்தில் ஒரே மருந்து கொடுத்தோம். அப்போ வித்தியாசம் கிருமியிடம்தான் இருக்கணும்.

முதல் வித்தியாசம்: கொனோரியா டிஎன்ஏவைப் பொறுக்கித் தின்கிற கிருமி. பல பாக்டீரியாக்கள் வெளியில் கிடக்கும் டிஎன்ஏவை உள்ளே இழுக்கும், ஆனால் குறிப்பிட்ட சூழ்நிலையில் மட்டும். இது எந்நேரமும் தயார். நைசீரியா குடும்பத்து டிஎன்ஏவில் ஒரு சிறு எழுத்து வரிசை அடிக்கடி திரும்பத் திரும்ப வரும், குடும்ப முத்திரை மாதிரி. அந்த முத்திரை இருந்தால் எடுத்துக்கொள்ளும். ஆக, கண்டதைத் தின்பதில்லை. சொந்தக்காரர் வீட்டுச் சரக்கை மட்டும் தேடி எடுக்கிறது.

இரண்டாவது: அந்தச் சொந்தக்காரர்கள் இருக்கும் இடம் நம் தொண்டை. தொந்தரவில்லாத நைசீரியா இனங்கள் பல நம் எல்லோர் தொண்டையிலும் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. நீங்களும் நானும் சளி, இருமல் என்று ஆன்டிபயாடிக் போடும் ஒவ்வொரு தடவையும் அவற்றுக்கும் அடி விழுகிறது. தாங்குபவை தங்குகின்றன. அவற்றால் நமக்கு ஒரு கெடுதலும் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. பிறகு எப்போதாவது வாய்வழிப் புணர்ச்சியில் கொனோரியா அங்கே வந்து சேரும்போது, ஏற்கெனவே சோதித்துத் தேறிய மரபணுத் துண்டுகள் தயாராகக் கிடக்கின்றன.

இது வெறும் ஊகம் இல்லை. செஃபிக்ஸைம், செஃப்ட்ரியாக்சோன் இரண்டும் போய் ஒட்டவேண்டிய புரதத்துக்கு உரிய மரபணுவைப் படித்துப் பார்த்தால், எதிர்ப்புள்ள கிருமிகளில் அது பல இனங்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த மொசைக் தரை மாதிரி இருக்கிறது. எந்தத் துண்டு எந்தத் தொண்டை நைசீரியாவிடமிருந்து வந்தது என்றுகூட ஓரளவு சொல்ல முடிகிறது. எச்041 தொண்டையில் கிடைத்தது, இங்கிலாந்து நோயாளிக்குக் கடைசிவரை தொண்டையில் கிருமி நின்றது, இரண்டையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேருவதும் கஷ்டம், அறிகுறியும் இல்லை, பக்கத்தில் மரபணுக் கிடங்கும் இருக்கிறது.

மூன்றாவது: சின்னச் சின்ன மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் குணம். செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்பு ஒன்று இதற்கு உண்டு. அதன் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் பம்பு வேகமாக ஓடும். வெளிச்சுவரில் மருந்து நுழையும் துளையைக் கொஞ்சம் மாற்றினால் உள்ளே வருவதே குறையும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். மூன்று நான்கு சேர்ந்தால் மருந்து தோற்கும். பென்சிலின் டோஸ் முப்பது வருஷம் ஏறிக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம். பம்பு ஒரே மருந்துக்கானது அல்ல என்பதால், ஒன்றுக்காகப் பெற்ற எதிர்ப்பு இன்னொன்றுக்கும் பாதி வழி போட்டுக் கொடுக்கிறது.

நான்காவது: வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பும் மெல்லக் குறையும் என்று எதிர்பார்ப்போம், ஏன்னா எதிர்ப்பைச் சுமப்பது கிருமிக்குப் பாரம். கொனோரியாவில் சிப்ரோவை நிறுத்திப் பல வருஷம் ஆகியும் அந்த எதிர்ப்பு பெரும்பாலான நாடுகளில் போகவில்லை. கிருமி அந்தப் பாரத்தை ஈடுகட்டப் பழகிவிட்டது.

ஐந்தாவது நம் பக்கம். ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்போன்ற இழைகளின் புரதத்தை இது அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதால் நம் உடம்பு அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் திணறுகிறது. அதே ஆளுக்கு நாலு தடவை வரலாம், நாலு தடவை மருந்து.

நல்ல சோதனை செய்த கெடுதல்

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்ப யோசிக்க வைத்த இடம் இது.

முன்பெல்லாம் கொனோரியாவைக் கண்டுபிடிக்க கல்ச்சர் செய்வார்கள். சாக்லேட் அகார் என்ற ஊடகத்தில் வளர்ப்பார்கள் (சாக்லேட் எல்லாம் கிடையாது, சூடாக்கிய இரத்தத்தின் நிறம் அப்படி). கார்பன் டை ஆக்சைடு வேண்டும், சரியான வெப்பம் வேண்டும், மாதிரியைச் சீக்கிரம் லேபுக்குக் கொண்டு போகவேண்டும். கொஞ்சம் காய்ந்தாலும் கிருமி செத்துவிடும். தொந்தரவு பிடித்த வேலை. அதற்குப் பதிலாக டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனைகள் வந்தன. சிறுநீர் போதும், வேகமும் துல்லியமும் அதிகம், செத்த கிருமியையும் கண்டுபிடிக்கும். எல்லோரும் மாறினார்கள், நியாயமாகவே.

ஆனால் எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்க உயிருள்ள கிருமி வேண்டும். தட்டில் வளர்த்து, மருந்து வைத்து, சாகிறதா என்று பார்க்கவேண்டும். கல்ச்சர் குறையக் குறைய எதிர்ப்பைப் பார்க்கும் கண்ணும் மங்கியது. நோயைக் கண்டுபிடிப்பதில் முன்னேறினோம், நோயின் போக்கைக் கணிப்பதில் பின்தங்கினோம்.

லேபே இல்லாத இடங்களில் இன்னும் சிக்கல். அங்கே அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் முறைதான் நடக்கிறது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் உண்டு. சீழ் வடிகிறது என்று வருபவருக்குச் சாம்பல் நிற முதல் பொட்டலம்: அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸைம் 400 மில்லிகிராம். இதைக் குறை சொல்வது சுலபம். ஆனால் சோதனை முடிவுக்காக அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பினால் பலர் வரவே மாட்டார்கள். கையில் கிடைத்த நேரத்தில் மருந்தைக் கொடுத்துவிடுவது அனுபவத்தில் பிறந்த அறிவு. அதன் விலை இரண்டு: கொனோரியா இல்லாதவருக்கும் ஆன்டிபயாடிக் போகிறது, அறிகுறி இல்லாத பெண்ணுக்கும் தொண்டைத் தொற்றுக்கும் ஒன்றும் போவதில்லை.

இதற்கு மேல் வெட்கம். காய்ச்சல் என்றால் வீட்டில் சொல்லுவோம். இதை யாரிடம் சொல்வது? நம்மூர் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் ‘ரகசிய நோய்’ போஸ்டர்கள் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களுக்கு வியாபாரம் நடப்பது அதனால்தான். இன்னொரு வழி மெடிக்கல் ஷாப். தயங்கித் தயங்கி “நீர்க்கடுப்புக்கு ஏதாவது குடுங்க” என்றால் கையில் இருப்பது வரும். எரிச்சல் அடங்கினால் நோய் போய்விட்டது என்று நினைப்பு. துணைக்குச் சொல்வதே இல்லை. கிருமி அங்கே போய், அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைத்த பாடத்தோடு திரும்பி வருகிறது.

இத்தனை மறைவிலும் கணக்கெடுக்கும் முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2009 முதல் 2014 வரை 77 நாடுகளின் தரவை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. அதில் 97 சதவீத நாடுகளில் சிப்ரோ எதிர்ப்பு, 81 சதவீத நாடுகளில் அசித்ரோமைசின் எதிர்ப்பு, 66 சதவீத நாடுகளில் செஃபிக்ஸைம் அல்லது செஃப்ட்ரியாக்சோனுக்கு மசிவது குறைந்திருந்தது அல்லது எதிர்ப்பே இருந்தது. சீனாவில் 13 மாகாணங்களில் 2022-இல் எடுத்த கணக்கில் செஃப்ட்ரியாக்சோன் எதிர்ப்பு 8.1 சதவீதம். 2017-இல் இருந்ததுபோல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஐந்து சதவீத விதியை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கையில் என்ன இருக்கிறது

நல்ல செய்தியும் உண்டு. 2025 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொனோரியாவுக்கு இரண்டு புது வாய்வழி மருந்துகளை அடுத்தடுத்து அனுமதித்தது. ஒன்று ஜோலிஃப்ளோடாசின், மற்றது கெப்போடிடாசின். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இந்த நோய்க்கு வரும் புது வகை மருந்துகள். இரண்டும் கிருமி தன் டிஎன்ஏ முறுக்கைச் சரிசெய்யப் பயன்படுத்தும் என்சைம்களைத் தாக்குகின்றன. சிப்ரோ தாக்குவதும் அந்த என்சைம்களைத்தான், ஆனால் பிடிக்கும் இடம் வேறு. அதனால் சிப்ரோவுக்கு மசியாத கிருமியும் இவற்றுக்கு மசிகிறது.

ஜோலிஃப்ளோடாசின் வந்த வழி சுவாரஸ்யமானது. ஒரே டோஸில் முடிகிற, பெரும்பாலும் ஏழைகளுக்கு வேண்டிய, வந்தாலும் அளவாகத்தான் பயன்படுத்தணும்னு சொல்லப்படும் மருந்தில் பெரிய கம்பெனிகளுக்கு லாபம் இல்லை. இதன் கடைசிக்கட்ட ஆய்வை நடத்தியது கார்ட்பி என்ற லாப நோக்கற்ற அமைப்பு. தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, அமெரிக்கா, பெல்ஜியம், நெதர்லாந்து என்று ஐந்து நாடுகளில் 930 பேர். செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதற்கு இது குறைந்ததில்லை என்று சிறுநீர்ப்பாதைத் தொற்றில் காட்டினார்கள். தொண்டைதான் இங்கும் கேள்வி. முந்தைய கட்ட ஆய்வில் தொண்டைத் தொற்று குணமான விகிதம் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே இருந்தது.

தடுப்பூசி பக்கம் ஓர் எதிர்பாராத திருப்பம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமி கொனோரியாவின் மிக நெருங்கிய உறவு. நியூசிலாந்தில் 2004 முதல் 2006 வரை அந்த மூளைக்காய்ச்சலுக்காகப் பெருவாரியாகத் தடுப்பூசி போட்டார்கள். பிறகு பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, போட்டவர்களுக்குக் கொனோரியா சுமார் 31 சதவீதம் குறைவாக வந்திருந்தது. 2017-இல் இது வெளியானது. இதே வழியில் வந்த இன்னொரு மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசியை, 2025 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்குக் கொனோரியாவுக்காகவே போட ஆரம்பித்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பு என்றால் கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் வராத ஒவ்வொரு தொற்றும் போடாத ஒரு ஆன்டிபயாடிக் டோஸ். எதிர்ப்புக்கு எதிராக நம்மிடம் இருக்கும் வழிகளில், கிருமிக்குப் பாடம் கற்றுக்கொடுக்காதவை ஆணுறையும் தடுப்பூசியும்தான்.

இனி நிஜமான கேள்வி: இந்தப் புது மருந்துகளை எப்படிச் செலவழிப்பது? பூட்டி வைத்து, செஃப்ட்ரியாக்சோன் தோற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். மருந்து நீடிக்கும். ஆனால் யாருக்குத் தோற்றது என்று தெரிய கல்ச்சர் லேப் வேண்டும், அது இல்லாத நாடுகளில்தான் நோய் அதிகம். அப்போ பூட்டின் சாவி பணக்கார நாடுகளிடம் மட்டும் இருக்கும். மாறாக எல்லோருக்கும் உடனே கொடுத்தால் சிப்ரோவின் கதை திரும்ப வரும். வாய்வழி, சுலபம், எல்லோருக்கும் பிடித்தது, பத்துப் பதினைந்து வருஷத்தில் காலி.

என் எண்ணம், முதலில் கல்ச்சர் லேபுகளுக்குச் செலவு செய்யணும் என்பது. ஒவ்வொரு கிளினிக்கிலும் வேண்டாம். ஒரு மாநிலத்துக்கு, ஒரு பெரிய ஊருக்கு, சில இடங்கள் ஒழுங்காகக் கிருமியை வளர்த்து எண்ணிச் சொன்னால் போதும், மற்ற இடங்கள் அதை வைத்து மருந்தைத் தேர்ந்துகொள்ளும். ஒரு புது மருந்து கண்டுபிடிக்கும் செலவில் இது சிறு பகுதி. கொரியாவில் ஸ்பெக்டினோமைசின் தோற்றது நாலு வருஷத்தில் தெரிந்ததற்குக் காரணம் அங்கே யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

படிக்கிற நீங்கள் செய்யக்கூடியதும் சில உண்டு. சந்தேகம் வந்தால் கடையில் மாத்திரை கேட்காமல் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்க, சிகிச்சை இலவசம், விவரங்களை வெளியே சொல்ல மாட்டார்கள். வாய்வழி உறவு உண்டென்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க, இல்லாவிட்டால் தொண்டையைச் சோதிக்கணும்னு அவருக்குத் தோன்றாது. துணைக்கும் சேர்த்து மருந்து வாங்குங்க. அறிகுறி போகவில்லை என்றால் வேறு டாக்டரிடம் ஓடாமல் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்க. மருந்து தோற்றுவிட்டது என்ற செய்தி பதிவேட்டில் ஏறுவது அப்படித் திரும்பி வருபவர்களால்தான்.